ஆப்பிலும் ஒரு பங்கு

கிணற்றில் எட்டிலொரு பங்கு மட்டும் உள்ளவளுக்கு வாய் எட்டுப் பங்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சண்டிலிப்பாயில் தோட்டம் செய்ய முடியாது. குணலட்சுமிக்கு இரண்டும் இருந்தன. பங்கு சீதனமாக வந்தது. வாய் கூடப் பிறந்தது.

அந்தத் தோட்டக் கிணற்றுக்கு நாலு பங்காளிகள். பாதி சீவரத்தினத்துக்கு. அவர் குணலட்சுமியின் பெரியப்பா மகன். கால் பங்கு அடுத்த வளவு அருளம்பலத்துக்கு. சீவரத்தினம் ஏதாவது சொன்னால் அருளம்பலம் தலையாட்டுவார். சொல்ல வாயெடுத்தாலே ஆட்டத் தொடங்கிவிடுவார். எட்டிலொரு பங்கு கனடாவுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்துக்கு. அவர்களுக்கு அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர், கிணற்றின் நினைவே இல்லை. மிஞ்சிய எட்டிலொன்றுதான் குணலட்சுமியின் காணி உறுதியில் இருந்தது: ‘கிணற்றிலும் துலாவிலும் வழிவாய்க்காலிலும் எட்டிலொரு பங்கு’. துலா இற்று விழுந்து இருபது வருடமாகிவிட்டது. உறுதியில் மட்டும் அது இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பங்குக் கிணற்றுக்கு ஒரு முறை உண்டு. யார் எந்த நாளில் எத்தனை மணி இறைப்பது என்பது ஒன்று. ஊரிலிருக்கும் எல்லாப் பங்காளிகளும் ஒத்துக்கொள்ளாமல் கிணற்றுக்குள் ஒருவரும் அலவாங்கு போட்டு இடித்துத் தோண்டக்கூடாது என்பது மற்றது. பாதிப் பங்குக்காரனும் எட்டிலொரு பங்குக்காரியும் அந்த ஒரு விஷயத்தில் சமம். சீவரத்தினத்துக்குத் தொண்டையில் சிக்கிய முள் அதுதான்.

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றோராம் ஆண்டு, போர்க்காலம். மண்ணெண்ணெய்க்குத் தடை, சீமெந்துக்குத் தடை, பற்றரிக்குத் தடை. சவர்க்காரம்கூட ஆளைக் கண்டுதான் கடைக்காரன் வெளியே எடுப்பான். வெளியிலிருந்து ஒன்றும் வராத இடத்தில் உள்ளே விளைவதெல்லாம் பொன் அல்லவா? வெங்காயமும் மிளகாயும் தோட்டத்தில் நிற்கும்போதே கேட்டு வந்தார்கள். சீவரத்தினம் இதை எல்லாருக்கும் முந்திக் கண்டுகொண்டார். மனிதர் சும்மா சொல்லக்கூடாது, உழைப்பாளி. விடிய நாலு மணிக்கே மண்வெட்டியோடு நிற்பார். அவருடைய தோட்டத்தில் எட்டுப் பேர் கூலிக்கு நின்றார்கள். எட்டு வீட்டில் உலை கொதித்தது. அவர் பேச்சில் நியாயம் இருந்தபடியால்தான் அவரை மறுப்பது கஷ்டமாக இருந்தது.

ஆடி மாதம் கிணறு வற்றிக்கொண்டு போனது. காலையில் மூன்று மணித்தியாலம் இறைக்கிற மிசினை ஓட்டினால் குழாய் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். ஒருநாள் சீவரத்தினம் குணலட்சுமியின் வாசலுக்கு வந்தார். பின்னால் அருளம்பலமும் வந்தார்.

“குணம், கிணத்துக்கை ஒரு துளை போடுவம். முப்பது அடி இறக்கினால் காணும். இந்த வருசம் இன்னும் பன்னிரண்டு பரப்புச் செய்யலாம். மாரி முடிய அதிலை புகையிலை வைக்கலாம்.”

“கிணறு தாற தண்ணிக்குத் தக்கன தோட்டத்தைச் செய்யுங்கோ அண்ணை. தோட்டத்துக்குத் தக்கன கிணத்தை வெட்டப் போனால் அதுக்கு முடிவில்லை.”

“உனக்கு அஞ்சு பரப்பு, நீ கதைப்பாய். இப்ப சனம் எதைத் தின்னுது? நாங்கள் விளைவிக்கிறதைத்தானே? கொழும்பிலையிருந்து ஒரு செத்தல் மிளகாய் வருதோ? இப்பப் பெருப்பிக்காட்டித் தோட்டத்தை எப்பப் பெருப்பிக்கிறது?”

“அது சரி. ஆனால் கீழை என்ன கிடக்கு எண்டு ஆருக்குத் தெரியும்?”

“என்ன கிடக்கும்? தண்ணி! கடல் மாதிரிக் கிடக்கு!” என்றார் சீவரத்தினம். அருளம்பலம் தலையாட்டினார்.

“அப்ப வேண்டாம்” என்றாள் குணலட்சுமி. “என்ரை பங்குக்கு நான் ஓம் சொல்ல மாட்டன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

அவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். கோபம் வேறு, தேத்தண்ணீர் வேறு.

ஆவணியில் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனுக்குத் திருவிழா. குணலட்சுமிக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. மகள் பத்மாவதியைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் கோயில் மடத்தில் தங்கப் போனாள். வீட்டில் கணவன் சண்முகநாதன் மட்டும். அவர் கோப்பாய்த் தபால் கந்தோரில் வேலை. கடிதமே வராத காலத்தில் தபால் கந்தோருக்கு நாள் தவறாமல் சைக்கிள் ஓடுகிற மனிதர் என்றால் அவருடைய குணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒருவருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். சீவரத்தினத்துக்கு அது தெரியும்.

மூன்றாம் நாள் பின்னேரம் அவள் திரும்பி வந்தபோது கிணற்றடியில் ஊர் கூடி நின்றது. கிணற்று வாயில் இரண்டு பனங்குற்றிகளைக் குறுக்கே போட்டு, அவற்றின்மேல் நின்று நாலு பேர் இரும்புத் தண்டை முறுக்கி முறுக்கித் துளையை இறக்கி முடித்திருந்தார்கள். காலையில் முழங்காலளவு கிடந்த தண்ணீர் இப்போது ஒன்றரை ஆள் உயரம் நின்றது. மிசின் ஆறு மணித்தியாலமாக ஓடுகிறது, ஒரு சாண்கூட இறங்கவில்லை.

“இஞ்சாரும், அண்ணை வந்து கேட்டவர்…” என்று சண்முகநாதன் இழுத்தார்.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ஓம் எண்டனான்.”

“கிணறு ஆரின்ரை சீதனம்?”

சண்முகநாதன் செருப்பைப் பார்த்தார். குணலட்சுமி கோயில் பையை அவர் கையில் திணித்தாள். அவள் பேசாமல் விட்டால்தான் பயப்பட வேண்டும் என்று இருபது வருடக் குடித்தனம் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

சீவரத்தினம் ஒரு செம்பில் தண்ணீர் அள்ளி அவளிடம் நீட்டினார். “குடிச்சுப் பார், குணம்.” அவள் குடித்தாள். தண்ணீர் நன்றாக இருந்தது. வழக்கத்தைவிடக் குளிர்ச்சியாகவும் இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எட்டிலொரு பங்கு வைத்துக்கொண்டு ஊர் முன்னேற்றத்துக்குக் குறுக்கே படுத்தவள் என்று அவளைப் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது அவளுக்கு. கோபமும் வந்தது, அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள நியாயம் இல்லாதபடியால் அது இரண்டு மடங்காகச் சுட்டது.

மூன்று கிழமை சீவரத்தினம் நிலத்தில் நடக்கவில்லை. புதிதாகப் பன்னிரண்டு பரப்பைக் கொத்திப் பண்படுத்தினார். மிசின் காலையிலும் பின்னேரமும் ஓடியது. அருளம்பலம்கூட தரிசாகக் கிடந்த துண்டில் மிளகாய் வைத்தார்.

துளை போடுவதற்கு முந்தியே குணலட்சுமியின் வளவில் ஒரு குடும்பம் வந்து கொட்டில் போட்டிருந்தது. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த இன்னாசித்தம்பியும் மனைவி லூர்த்தம்மாவும். கடலில் இறங்கத் தடை; வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. ஐம்பது வயதில் இன்னாசித்தம்பி மண்வெட்டி பிடிக்கப் பழகினார். அவர் கொத்துகிற பாத்தியைப் பார்த்தால் அலை அடித்த மாதிரி இருக்கும். குணலட்சுமி பகிடி பண்ணுவாள், அவரும் சிரிப்பார். ஆனால் நாளுக்கு மூன்று தரம் கிணற்றடியில் போய் நிற்பார். குளிக்க ஒருதரம், மற்ற இரண்டு தரமும் சும்மா பார்க்க. கடலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏதாவது ஒரு தண்ணீர் வேண்டித்தானே இருக்கும்.

புரட்டாதி பிறந்ததும் வெங்காயத் தாளின் நுனிகள் கருகின. குணலட்சுமி முதலில் நோய் என்று நினைத்தாள். பிறகு தாளைக் கிள்ளி, அடியைக் கிண்டிப் பார்த்தாள். பாத்தி ஓரத்தில் மண் வெள்ளை பூத்துக் கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்; உப்பு. அப்படியே குந்தியிருந்துவிட்டாள். அந்த ஐந்து பரப்பும் அந்த எட்டிலொரு பங்கும்தான் பத்மாவதிக்குக் கொடுக்க அவளிடம் இருந்த சொத்து. தண்ணீர் சவரானால் நிலம் வெறும் மண். அந்த மண்ணைச் சீதனமாக எந்த வீட்டுக்காரன் ஏற்பான்?

“பிள்ளை, உங்களுக்கு ஒரு விசயம் சொல்லோணும்” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. இன்னாசித்தம்பி. “சொன்னால் விசரன் எண்டு சொல்லுவியள் எண்டு இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனான்.”

“சொல்லுங்கோ இன்னாசியண்ணை. நான் இப்ப எதையும் நம்புவன்.”

“உந்தக் கிணத்துக்கு வத்துப் பெருக்கு இருக்கு.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“மிசின் ஓடாத நேரத்திலையும் தண்ணி ஏறுது, இறங்குது. ஒரு விரல்கிடைதான். நேற்று ஏறின நேரத்துக்கு இண்டைக்கு ஏறாது. முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் பிந்தி ஏறும். பிள்ளை, அது எங்கடை கடல் செய்யிற வேலை. நான் நாற்பது வருசம் அதின்ரை நேரம் பாத்து வள்ளம் தள்ளினவன். துளை போட முந்தி இது இல்லை. நான் வந்த நாள் தொடக்கம் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்.”

குணலட்சுமி எழுந்து சேலையை உதறினாள். மூன்று கிழமையாக நியாயம் இல்லாமல் கிடந்த கோபத்துக்கு இப்போது நியாயம் வந்துவிட்டது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அது வந்ததும் கோபம் போய்விட்டது. செய்ய வேண்டிய வேலை கண்ணுக்கு முன்னால் நின்றது.

சீவரத்தினம் ஒத்துக்கொள்ளவில்லை. “கடல் எங்கை, நாங்கள் எங்கை? மூண்டு மைல்! மீன் பிடிக்கிற ஆள் வந்து எனக்குத் தோட்டம் படிப்பிக்கிறதோ? வெங்காயத்துக்கு நோய். மருந்து இல்லை, அதுதான் கருகுது.”

“சரி, நோய்தான்” என்றாள் குணலட்சுமி. “மிசினை ரண்டு நாள் நிப்பாட்டுங்கோ. இன்னாசியண்ணை நேரம் சொல்லுவார். அவர் சொன்ன நேரத்துக்குத் தண்ணி ஏறாட்டி, என்ரை எட்டிலொரு பங்கை உங்களுக்கே எழுதித் தாறன்.”

சண்முகநாதன் இருமினார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

இன்னாசித்தம்பி கிணற்றுக்குள் இறங்கி, கல்லிடுக்கில் ஒரு மரமுளையை அடித்து, தண்ணீர் மட்டத்தில் கரியால் கோடு போட்டார். மேலே வந்து வானத்தைப் பார்த்தார், விரல் மடித்தார். “நாளைக்குப் பத்தரைக்கு முழுப் பெருக்கு. நாளையிண்டைக்குப் பதினொண்டே காலுக்கு. அஞ்சு பத்து நிமிசம் முன்னைப் பின்னை இருக்கலாம். உந்தளவு உள்ளுக்கை வர அதுக்கும் நேரம் செல்லுமெல்லோ?”

மறுநாள் காலை எட்டு மணியிலிருந்து சீவரத்தினம் கைமணிக்கூட்டோடு கிணற்றுக் கட்டில் இருந்தார். ஒன்பது மணிக்குக் கோடு தெரிந்தது. ஒன்பதே முக்காலுக்குக் கோட்டின் கீழ் விளிம்பு நனைந்தது. பத்தரைக்குக் கோட்டைக் காணவில்லை. பன்னிரண்டு மணிக்கு அது திரும்பி வந்தது. அருளம்பலம் இந்தமுறை எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் கழுத்தை விறைப்பாக வைத்திருந்தார். அடுத்த நாள் பதினொன்றே காலுக்கும் கோடு மூழ்கியது. ஒரு மணித்துளி பிசகவில்லை.

சீவரத்தினம் வாளியை விட்டு அள்ளி, கையில் ஏந்திக் குடித்தார். மூன்று கிழமையாக அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார். சவர் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியபடியால் நாக்கு அதோடு சேர்ந்து பழகிவிட்டது. இன்றைக்குத்தான் அவர் அதைக் கேள்வி கேட்டுக் குடித்தார்.

“கடல் மாதிரிக் கிடக்கு எண்டனான்” என்றார் மெல்ல. “கடல்தான் கிடக்கு.”

அந்தக் குரலைக் கேட்கக் குணலட்சுமிக்குப் பாவமாகப் போய்விட்டது. சிறுவயதில் அவளைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவர் அவர். “நல்ல தண்ணி மேலை மிதக்குது அண்ணை” என்றாள். “பாலுக்கு மேலை ஆடை மாதிரி. நாங்கள் ஆடையைக் குத்திக் கீழை உறிஞ்சிப்போட்டம். குத்தினதை அடைக்கலாம்.”

“எதாலை அடைக்கிறது? சீமெந்து எங்கை?”

யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் ஒரு பை சீமெந்து கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் இன்னாசித்தம்பியைப் பார்த்தார்கள்.

“வள்ளத்திலை ஓட்டை விழுந்தால் நாங்கள் சீமெந்தே பூசுறம்?” என்றார் அவர். “பூவரசிலை நீளமா ஒரு ஆப்புச் சீவோணும். துணியைக் குங்கிலியத்திலையும் எண்ணெயிலையும் தோய்ச்சுச் சுத்தி அறைஞ்சால், மரம் தண்ணியிலை ஊதிக் கல்லோடை கல்லா இறுகும். நான் அடிக்குச் சுழியோடி ஆப்பைத் துளை வாயிலை நிப்பாட்டுறன். மேலையிருந்து நீங்கள் அறையுங்கோ.”

அருளம்பலத்துக்கு அப்போதுதான் வாய் திறந்தது. “அதெல்லாம் சரி… ஆனால் நாங்கள் குடிக்கிற கிணறு. சாமிக்கு அள்ளுற கிணறு. முளை அடிச்சது வேறை, எல்லாரும் உள்ளுக்கை மூழ்கிறது எண்டால்…”

இன்னாசித்தம்பியின் முகம் வாடியது. அவர் எழுந்து போகத் துவாயைத் தோளில் போட்டார். குணலட்சுமிக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

“கடல் உள்ளுக்கை இறங்கேக்கை அதிட்டை ஆரும் சாதி கேட்டனீங்களோ? துளை போட வந்த நாலு பேரிட்டைக் கேட்டனீங்களோ? இவர் இறங்காட்டி உங்கடை சாமிக்கு உப்புத் தண்ணியிலைதான் முழுக்கு. இருங்கோ இன்னாசியண்ணை. இது என்ரை பங்கு, நான் சொல்லுறன், நீங்கள் இறங்குங்கோ.”

“என்ரை பாதியும் அதைத்தான் சொல்லுது” என்றார் சீவரத்தினம்.

அருளம்பலம் தலையாட்டினார்.

பூவரசு வேலியிலேயே இருந்தது. மூன்றடி நீளத்தில், ஒரு முனை ஒடுங்கி மறுமுனை பருத்த ஆப்பை இன்னாசித்தம்பி ஒருநாள் முழுவதும் இருந்து சீவினார். மண்வெட்டி பிடித்தால் தடுமாறுகிற அந்தக் கை, வாச்சியைப் பிடித்ததும் வேறொரு ஆளுடைய கையாகிவிட்டது. குங்கிலியம் பிள்ளையார் கோயிலிலிருந்து வந்தது. சுற்றுவதற்கு நல்ல இறுக்கமான பருத்தித் துணி வேண்டும் என்றார். குணலட்சுமி உள்ளே போய், பெட்டியின் அடியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து வந்தாள். சரிகைக்கரை வேட்டி. சண்முகநாதனின் கலியாண வேட்டி.

“இஞ்சாரும், அது…” என்றார் சண்முகநாதன்.

“நீங்கள் சொன்ன ஓமுக்கு இது” என்று சொல்லி நடுவால் கிழித்தாள்.

அடுத்த நாள் காலை, முற்றத்து நெட்டைக் கமுகைத் தறித்துத் தோள்கொடுத்துக் கொண்டு வந்தார்கள். இன்னாசித்தம்பி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு இறங்கினார். ஆப்பை அணைத்தபடி அவர் மூழ்கியதும் கிணற்றடி மூச்சுப் பிடித்தது. லூர்த்தம்மா செபமாலையை உருட்டினாள். பக்கத்தில் குணலட்சுமி முருகா, முருகா என்றாள். இரண்டுதரம் வெறுமனே மேலே வந்தார்; துளை வாய் பிடிபடவில்லை. மூன்றாம் தரம் வெளியே வந்து கையை உயர்த்தினார். கமுகின் அடியை நிமிர்த்தி இறக்கி ஆப்பின் தலையில் நிறுத்தினார்கள். மேல்முனை கிணற்றுக் கட்டுக்கு மேலே இரண்டடி நின்றது. சீவரத்தினம் பெரிய மரக் கொட்டனைத் தூக்கினார்.

“நான்தான் அறைவன். ஒருத்தரும் கிட்ட வரவேண்டாம்.”

அறுபது அறைக்குமேல் அறைந்தார். கை கொப்புளித்து உடைந்தது. ஒவ்வொரு அறைக்கும் இன்னாசித்தம்பி கிணற்றுச் சுவரைப் பிடித்துத் தொங்கியபடி, “இறங்குது… இன்னும் இறங்குது…” என்றார். கடைசியில் கமுகு அசையவில்லை. அறை கல்லில் பட்டதுபோல் திருப்பி உதைத்தது. “காணும், காணும், நிப்பாட்டுங்கோ” என்று சத்தம் வந்தது.

அடுத்த நாள் பெருக்கு நேரத்துக்கு எல்லாரும் கோட்டைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு மணியானது, இரண்டானது. கோடு நனையவில்லை. இன்னாசித்தம்பி முதல்முறையாகக் கடல் தன் சொல்லைக் கேட்டதுபோல் சிரித்தார்.

வேலை அதோடு முடியவில்லை. மேலே ஏறிய உப்புத் தண்ணீர் கிணற்றிலேயே கிடந்தது. அதை இறைத்து வெளியே ஊற்றினால்தான் பக்கத்துக் கல்லிடுக்கிலிருந்து நல்ல தண்ணீர் ஊறும். இறைக்க மண்ணெண்ணெய் வேண்டும். அன்றாடம் கள்ளச்சந்தையில் போத்தல் கணக்கில் வாங்குவது இதற்குப் போதாது; தேவையான அளவு ஒரே ஒரு இடத்தில் இருந்தது: சீவரத்தினத்தின் வைக்கோற்போருக்குக் கீழே ஒரு இரும்புப் பரல் நிறைய. வரப்போகும் புகையிலைக்காக இரண்டு வருடமாகப் போத்தல் போத்தலாகச் சேர்த்தது.

“தோட்டத்துக்குப் போகாமல் தெருவுக்கு இறைக்கச் சொல்லுறியோ, குணம்? சனம் விளக்குக்கே எண்ணெய் இல்லாமல் இருக்கு. ஊர் என்னை என்ன சொல்லும்?”

“விசரன் எண்டு சொல்லும். போன மாதம் என்னைச் சொன்னது. ஒண்டும் ஆகேல்லை.”

“இந்த ஒரு பரலோடை என்ரை பன்னிரண்டு பரப்பும் போச்சு.”

“இந்தத் தண்ணியிலை வளர்ந்த புகையிலையைச் சுருட்டுக்காரன் எடுப்பானோ? நெருப்பு வைச்சால் நிண்டு பத்தாது. அண்ணை, பன்னிரண்டு பரப்புப் போகட்டும். கிணறு போனால் எல்லாருக்கும் எல்லாப் பரப்பும் போச்சு.”

அவர் எழுந்து போய்விட்டார். அன்று முழுவதும் மிசின் ஓடவில்லை. குணலட்சுமி அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, காதைத் தோட்டப் பக்கமே வைத்திருந்தாள். மறுநாள் விடிய நாலு மணிக்கு மிசின் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். சீவரத்தினம் வாய்க்காலைத் தோட்டத்துப் பக்கம் மண் போட்டு மறித்து, தெருவோர வெள்ளவாய்க்காலுக்குத் திருப்பி விட்டிருந்தார். மண்ணெண்ணெய் இல்லாத நாட்டில், ஒரு தோட்டக்காரன் தண்ணீரை இறைத்துத் தெருவில் ஊற்றிக்கொண்டு நின்றான். சைக்கிளில் போன சனம் இறங்கி நின்று பார்த்தது. பன்னிரண்டு நாள் அப்படி ஓடியது, பரல் கவிழ்ந்தது.

அந்த வருடம் மாரி ஏமாற்றவில்லை. கார்த்திகை முடியக் கிணறு கல்லுமட்டத்துக்கு நிறைந்தது. தை பிறந்தபோது குணலட்சுமி பொங்கலுக்கு அதிலேதான் அள்ளினாள்.

முறை மட்டும் பழையபடி திரும்பவில்லை. மிசின் குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இரண்டு முழத்துக்குமேல் போகாதபடி இன்னாசித்தம்பி அதைக் கட்டிய கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார்; வலைக்காரன் முடிச்சு, அவரைத் தவிர ஒருவருக்கும் அவிழ்க்கத் தெரியாது. ஒரே மூச்சில் நாலு மணித்தியாலம் இறைப்பது நின்றது. ஆளுக்கு ஒரு மணித்தியாலம், பிறகு கிணறு ஆறவேண்டும். சீவரத்தினம் ஆறு பரப்பில் புகையிலை வைத்தார். மிச்சத்தில் தண்ணீர் அதிகம் கேட்காத குரக்கனும் மரவள்ளியும் போட்டார். வருமானம் குறையவில்லை என்று சொன்னால் பொய். குறைந்தது. ஆனால் கூலிக்கு நின்ற எட்டுப் பேரில் ஒருவரையும் அவர் நிறுத்தவில்லை. அந்தப் பஞ்சத்தில் மரவள்ளிக் கிழங்கை வெங்காயத்தைவிட விருப்பமாக வந்து வாங்கினார்கள். இன்னாசித்தம்பிக்குக் குணலட்சுமி தன் முறையில் வெள்ளிக்கிழமைக் காலை அரை மணித்தியாலம் கொடுத்தாள். அவருடைய கத்தரிப் பாத்திகள் இன்னும் அலையடித்துக்கொண்டுதான் இருந்தன. காய் மட்டும் நேராகக் காய்த்தது.

தொண்ணூற்று நாலில் பத்மாவதிக்குக் கலியாணம் பொருந்தியது. சீதன உறுதி எழுத நொத்தாரிசு ஆழ்வாப்பிள்ளை வீட்டுக்கே வந்தார். சாட்சிக்குச் சீவரத்தினமும் இன்னாசித்தம்பியும் பாயில் இருந்தார்கள். சண்முகநாதன், கேட்காத கேள்விக்கு ஓம் சொல்லிவிடக்கூடாது என்று தூரத்தில் நின்றார். நொத்தாரிசு பழைய உறுதியைப் பார்த்து வாசித்தபடி எழுதினார்.

“…ஐந்து பரப்புக் காணியும், கிணற்றிலும் துலாவிலும் வழிவாய்க்காலிலும் எட்டிலொரு பங்கும்…”

“ஒரு நிமிசம்” என்றாள் குணலட்சுமி. “துலா இல்லை ஐயா, அது போய்க் கனகாலம். அதை வெட்டிப்போட்டு ‘ஆப்பிலும்’ எண்டு எழுதுங்கோ.”

“எதிலை?”

“ஆப்பிலை. கிணத்துக்கு அடியிலை கிடக்கு.”

ஆழ்வாப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “பிள்ளை, நான் முப்பத்தைஞ்சு வருசமா உறுதி எழுதுறன். மரத்திலை பங்கு எழுதியிருக்கிறன், மாட்டிலை எழுதியிருக்கிறன். பங்கு எண்டால் அதிலை ஒரு அனுபோகம் வேணும். கிணத்திலை பங்கு எண்டால் அள்ளலாம். வாய்க்காலிலை பங்கு எண்டால் தண்ணி விடலாம். ஆப்பிலை பங்குக்காரி என்னத்தைச் செய்யலாம்?”

குணலட்சுமி மறுமொழிக்கு வாயெடுத்தாள். சீவரத்தினம் முந்திக்கொண்டார். கொட்டன் பிடித்த தழும்பு உள்ளங்கையில் இன்னும் இருந்தது. அந்தக் கையை நொத்தாரிசின் கடதாசிமேல் வைத்தார்.

“துளை நான் போட்டது, ஐயா. அப்ப இவவின்ரை பங்கு சின்னன் எண்டு நினைச்சனான். நாளைக்கு எனக்குப் பிறகு வாறவனுக்கும் தண்ணி காணாமல் வரும், அவனும் ஆப்பைப் பிடுங்கப் பாப்பான். அப்ப இந்தப் பிள்ளை ‘ஏலாது’ எண்டு சொல்லலாம். அந்த ஏலாதிலை எட்டிலொரு பங்கு. எழுதுங்கோ. பேந்து என்ரை பாதிக்கும் அப்பிடியே ஒரு உறுதி எழுதோணும்.”

நொத்தாரிசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துலாவை வெட்டி ஆப்பை எழுதினார். குணலட்சுமிக்குக் கண் நிறைந்தது. சொல்ல ஒன்றும் வாயில் வராதபடியால், எல்லாருக்கும் தேத்தண்ணீர் வைக்கக் கிணற்றடிக்குத் தண்ணீர் அள்ளப் போனாள்.